அறுபத்துநான்காவது பங்கு

ஒரு படகை ஆஸ்திரேலியக் கப்பல் பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பித்தால், சட்டம் முதலில் அதை அறுபத்துநான்கு பங்குகளாக வெட்டுகிறது. வெட்டு காகிதத்தில்தான், படகில் ஒரு கீறல்கூட விழாது. அறுபத்துநான்கையும் ஒருவரே வைத்துக்கொள்ளலாம், பலர் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பங்கை மேலும் நறுக்க முடியாது. ஏன் நூறு இல்லை, ஏன் அறுபத்துநான்கு என்று கேட்டால், பாய்மரக் கப்பல் வணிகர்கள் எதையும் பாதி பாதியாகவே பிரித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விளக்கம். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. நம்முடைய பழைய கணக்கும் அப்படித்தான் இறங்கும்: அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம். கால் வீசம் என்பது சரியாக அறுபத்துநான்கில் ஒன்று. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

இரண்டால் மட்டும் பிரியும் அந்தக் கணக்குக்குள் நாங்கள் மூன்று பேராகப் போய் நின்றோம்.

என் பெயர் யோகா. சிட்னியின் மேற்கே, பென்டில் ஹில்லில் வீடுகள் கைமாறும்போது பத்திரம் எழுதிக் கொடுக்கும் அலுவலகமொன்றில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். உரிமைப் பத்திரத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்குப் பசி எடுக்கும். இரண்டாவது ஆள் அருந்தவன், முப்பத்தெட்டு வயது, செவன் ஹில்ஸில் ஒரு இரும்புப் பட்டறையில் வெல்டர். கிரவீனில் என் வீட்டுக்குப் பின்வேலி போட வந்தவன், வேலி முடிந்த பிறகும் தம்பியாக வந்துகொண்டிருந்தான். மூன்றாவது ஆள் செல்வராணி. மலேசியாவில் கிள்ளானில் பிறந்த கத்தோலிக்கப் பெண், ஐம்பத்தொன்பது வயது, மருத்துவமனைத் தாதி. படிக்க வந்த காலத்தில் ஒரு நண்பி இழுத்துப் போனதில் பாய்ப்படகு ஓட்டப் பழகி, பிறகு பந்தயங்களில் ஓடி, வடகிழக்கே கடலைத் தாண்டி இரண்டு தடவை நியூ கலிடோனியா வரை போய் வந்தவர்.

சிட்னிக்கு வடக்கே புரூக்ளினில், ஹாக்ஸ்பரி ஆற்றில், பதினொரு மீட்டர் நீள இரும்புப் பாய்ப்படகு ஒன்று துருப்பிடித்துக் கிடப்பதை அருந்தவன்தான் கண்டுபிடித்தான். அவனுக்கு இரும்பு தெரியும், ராணிக்குக் காற்றுத் தெரியும், எனக்குப் பத்திரம் தெரியும். சம பங்காக வாங்கினோம். எனக்குக் கடலில் கால் வைத்தாலே வாந்தி வரும் என்பது அப்போது ஒரு தடையாகத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

அந்தப் படகுக்கு ஏற்கனவே மாநில எண் இருந்தது. அது காருக்கு ரெஜோ என்கிற வருடப் பதிவு எடுப்பது மாதிரி. இங்கே சுற்றலாம், அவ்வளவுதான். வெளிநாட்டுக் கரைக்குப் போவதென்றால் படகுக்கு ஒரு நாடு வேண்டும். அந்த நாட்டைக் கொடுப்பது கன்பராவில் இருக்கிற பதிவகம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் படகுக்குத் தனிப் பெயர், தனி எண், சொந்தத் துறைமுகம், ஏற்றிக்கொள்ளக் கொடி எல்லாம் கிடைக்கும். மனிதருக்குக் கடவுச்சீட்டு எப்படியோ அப்படி. சின்னப் படகுகளுக்கு உரிமையாளர்கள் எல்லாரும் குடியுரிமை பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்றில்லை, இங்கே வதிபவர்களாக இருந்தாலே போதும் என்று நான் சட்டத்தில் தேடி எடுத்துச் சொன்னபோது அருந்தவன் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தான்.

"அப்ப என்ர படகு எனக்கு முந்தியே ஒஸ்ரேலியன் ஆகுதா, அக்கா?"

"ஓம். உனக்கு இன்னும் ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும். அதுக்கு ஒரு சோதினையும் இல்லை, தேசிய கீதமும் பாடத் தேவையில்லை."

"குடுத்து வச்ச படகு," என்றார் ராணி.

அவன் ஏன் தேநீரைக் கீழே வைத்தான் என்று சொல்ல வேண்டும். அருந்தவன் போர் ஓய்ந்த எங்கள் தீவிலிருந்து இந்த நாட்டுக்கு 2012இல் கடல் வழியாக வந்தவன். நடுக்கடலில் இயந்திரம் நின்று, கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே கடற்படை கண்டு ஏற்றியது. பதினொரு வருடம் தற்காலிக விசா, பிறகுதான் நிரந்தர வதிவிடம். அவன் இதையெல்லாம் அதிகம் பேசமாட்டான். ஒரு தடவை மட்டும், படகின் அடிப்புறத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"எங்கட படகுக்குப் பேர் இல்லை அக்கா. பிடிச்சவைதான் அதுக்கு ஒரு நம்பர் போட்டவை. எனக்கும் போட்டவை. நான் ஒருக்கா வெளியில போய், அதே கடலால திரும்பி உள்ள வரவேணும். இந்தமுறை அவையள் என்னைத் தேடிப் பிடிக்கக்கூடாது. நான்தான் அவையளைக் கூப்பிடவேணும்."

அதற்கு வழி இருக்கிறது என்று ராணி விளக்கினார். வெளிநாட்டிலிருந்து வரும் படகு துறைக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றும். 'வந்திருக்கிறேன், வந்து சோதியுங்கள்' என்று அர்த்தம். அந்தக் கொடி படகுச் சாமான் கடையில் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். அருந்தவன் அடுத்த நாளே வாங்கிவிட்டான். படகில் இன்னும் பாய்மரம் நிமிரவில்லை, கழிப்பறை வேலை செய்யவில்லை, ஆனால் மஞ்சள் கொடி தயார்.

புறப்படும் மாதமும் எங்களுக்காகவே தீர்மானமாகி இருந்தது. புயல் காலம் ஏப்ரலோடு முடியும். மே நடுவில் சில படகுகள் சேர்ந்து நியூ கலிடோனியாவின் நூமியா துறை நோக்கிப் போகின்றன. ராணிக்கு மருத்துவமனை நீண்ட விடுப்பு அனுமதித்திருந்தது. ஓகஸ்டில் அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் சத்திரசிகிச்சை. அதன் பிறகு ஆடும் படகில் நிற்கிற வேலை இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அருந்தவனுக்கு ஆழ்கடலில் வழி பிடிக்க இன்னும் தெரியாது. ஆகவே இந்த மே, அல்லது எப்போது என்று தெரியாது.

நான் ஜனவரியிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினேன். பதிவகம் கேட்பதெல்லாம் மிகவும் நியாயமான கேள்விகள். இந்தப் படகு எங்கிருந்து வந்தது? யார் கட்டினார்? அவரிடமிருந்து யார் வாங்கினார், அவரிடமிருந்து யார்? கட்டியவர் கையிலிருந்து உங்கள் கை வரைக்கும் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக்கூடாது. வீட்டு உரிமையிலும் இதே சங்கிலிதான். ஒரே வித்தியாசம், வீடு எங்கும் நகராது. கட்டியவர் நியூகாசில் உருக்காலையில் வேலை செய்தவர். தன் பின்வளவில் ஏழு வருடமாகக் கட்டியிருக்கிறார். இப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார். அருந்தவனும் நானும் போனபோது அவர் படகைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அருந்தவனின் கையைப் பிடித்துத் திருப்பி, வெல்டிங் பொறி பட்ட தழும்புகளைப் பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லிக் கட்டுநர் சான்றிதழில் கையெழுத்திட்டார்.

பெயருக்கும் விதி உண்டு. விரும்பும் வரிசையில் சில பெயர்களைக் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் ஏற்கனவே இருக்கிற பெயர் கிடைக்காது. ராணி தன் பெயரையே முதலாவதாகப் போட்டிருந்தார். அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு படகு இருந்தது.

"எந்த ஊர் ராணின்னு கேட்டுச் சொல்லுங்க, நான் போய்ப் பேசிக்கிறேன்," என்றார்.

இரண்டாவது பெயர் அருந்தவனுடையது: சோளகம். தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்றுக்கு எங்கள் பக்கத்து மீனவர் சொல்லும் பெயர். சிட்னியிலிருந்து நூமியாவுக்கு வடகிழக்காகப் போக வேண்டும், முதுகுக்குப் பின்னால் சோளகம் அடித்தால் நல்லது. பெயர் கிடைத்தது.

கடைசியாக மிஞ்சியது உரிமைப் பிரகடனம். மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, என் குசினியில், சமையல் மேசையில், இதை விளக்குவதற்காக ஒரு பை வறுத்த கச்சானை, நிலக்கடலையை, உடைத்து அறுபத்துநான்கு பருப்பு எண்ணி வைத்தேன். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தோம். மூன்று குவியலிலும் இருபத்தொன்று. நடுவில் ஒன்று தனியாகக் கிடந்தது.

"இதை வெட்டேலாது," என்றேன். "சட்டம் விடாது. ஆர் எடுக்கிறது?"

ராணி அதை எடுத்து வாயில் போட்டார்.

"தீர்ந்துச்சு பிரச்சினை."

"ராணி அக்கா, நீங்கள் இப்ப படகின்ர கால் வீசத்தைச் சாப்பிட்டுப்போட்டீங்கள்," என்றான் அருந்தவன்.

"உப்புக் கம்மியா இருக்குலா."

சிரித்து முடித்தும் கேள்வி அங்கேயே இருந்தது. இருபத்திரண்டு யாருக்கு? எனக்கு வேண்டாம், நான் படகில் ஏறுவதே இல்லை. ராணி தனக்கும் வேண்டாம் என்றார். முழங்காலோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு திரிய முடியாதாம். அருந்தவன் கச்சான் கோதுகளை ஒரு கையால் கூட்டி ஒதுக்கினான். அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, மற்ற எல்லாவற்றிலும் மூன்று பேரும் கையெழுத்திட்டோம். திங்கட்கிழமை பதிவகத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு நிரப்பலாம் என்று சொல்லிக் கோப்பை அருந்தவனிடம் கொடுத்தேன், படகின் நீள அளவுச் சான்றையும் அதற்குள் வைக்கும்படி.

ஞாயிற்றுக்கிழமை மாசி மகம். சாமிகள் கடலுக்குத் தீர்த்தமாடப் போகும் நாள். கடல் காரியம் ஒன்றை அனுப்ப அதைவிட நல்ல நாள் அருந்தவனுக்குத் தெரியாது. அஞ்சலகம் பூட்டியிருந்தாலும் அஞ்சல் பெட்டிக்குப் பூட்டு இல்லை. வெற்றிடத்தைத் தானே நிரப்பி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினான்: 'அனுப்பிப்போட்டன் அக்கா. நல்ல நேரத்தில.'

ஒன்றும் நிரப்பாமல் அனுப்பியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பதிவகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் நான்காவது உரிமையாளரான திருமதி முத்துமாரி அம்மன் கையெழுத்திடவில்லை; அவர் இங்கே வதிபவர் என்பதற்கான பிரகடனமும் இல்லை; தயவுசெய்து அழைக்கவும்.

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு நேராகப் புரூக்ளினுக்குப் போனேன்.

அருந்தவன் படகின் மேல்தட்டில் இருந்தான். ராணி பாய்க்கயிறு ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தார். படகு துறைமேடையில் கட்டியிருந்தபடியால் நானும் துணிந்து ஏறினேன்.

"தம்பி, ஆரடா முத்துமாரி?"

"எங்கட அம்மாள்," என்றான், இதிலென்ன கேள்வி என்பது போல. "மிஞ்சினதெல்லே? மிஞ்சினது அவவுக்குத்தானே."

அவனுடைய கரையில் மீன் பங்கிடும் முறை அது. படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு. சமமாகப் பிரியாமல் கடைசியில் மிஞ்சுகிறது எதுவோ, அது அம்மாளுக்கு. அதை ஒருவர் எடுத்தால் மற்றவர்களிடமிருந்து எடுத்ததாக அர்த்தமில்லை, அவளிடமிருந்து எடுத்ததாக அர்த்தம்.

"விலாசம் என்னெண்டு போட்டனி?"

"என்ர வீட்டு விலாசம். சாமித்தட்டில இருக்கிறாதானே."

அந்த நேரத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. கன்பரா எண். அதிகாரி அருந்தவனோடு பேச விரும்பினார். ஒலிபெருக்கியில் போட்டேன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, ஏறக்குறைய இப்படி:

"திருமதி அம்மன் உங்களோடுதான் வசிக்கிறாரா?"

"ஆம்."

"எவ்வளவு காலமாக?"

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து."

"அவர் ஏன் கையெழுத்திடவில்லை?"

"அவர் கையெழுத்திடுவதில்லை."

"மன்னிக்கவும், உடல்நலம் சரியில்லையா? அவர் சார்பில் வேறு யாராவது—"

"இல்லை, நல்ல சுகமாக இருக்கிறார்."

ராணி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின.

"அவருடைய வயது?"

அருந்தவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத ஆளிடம் இப்படிக் கேட்கக்கூடாது. "சரியாகத் தெரியாது," என்றான். "எங்கள் ஊருக்கு முன்னாலேயே இருந்தவர்."

நான் தொலைபேசியை வாங்கினேன். முத்துமாரி ஒரு தெய்வம் என்றேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாரா, சட்டத்தைப் புரட்டுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்: உரிமையாளர் ஒரு மனிதராகவோ நிறுவனமாகவோ இருக்க வேண்டும். ஒரு பங்கும் ஆளில்லாமல் இருக்க முடியாது. மாத முடிவுக்குள் புதிய பிரகடனம் வந்தால் வரிசையில் உங்கள் இடம் போகாது. இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்க வேண்டும்.

புதிதாகத் தொடங்கினால் மே போய்விடும்.

"சரி, அந்த ஒண்ண எனக்குக் குடுத்திரு," என்றார் ராணி. "நான் மாதா கோவில்ல உங்க அம்மனுக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்திடறேன்."

"இல்லை அக்கா."

"அப்ப யோகாவுக்கு."

"இல்லை."

"நீயே வச்சுக்கோயேன் தவா! ஒன் கையில இருந்தா அவங்க கையில இருக்கிற மாதிரிதானே?"

அருந்தவன் கயிற்றைச் சுருட்டி வைத்தான். "எஞ்சின் நிண்ட அண்டைக்கு, இனி எப்பவாவது எனக்கெண்டு ஒரு படகு வந்தால் அதில உனக்கும் பங்கு எண்டு அம்மாளிட்ட சொன்னனான். படகு வந்திட்டுது. இப்ப அந்தப் பங்கை என்ர பேரில எழுதிப்போட்டு அவவின்ர பேரைச் சொல்லிக் கடலுக்குப் போகேலாது. நான் போகாட்டிலும் பரவாயில்லை."

"போகாட்டிலும் பரவாயில்லையாம்!" என்றார் ராணி. "எம் முழங்கால் என்னா உங்க ஊர் தேர்ச்சக்கரமா, வருசா வருசம் எண்ணெய் போட்டு ஓட்டறதுக்கு?"

அவர் கோபத்தில் பாய்க்கயிற்றை ஒரே இழுவையில் இழுத்துக் கட்டினார். அதுவரை மசியாத முடிச்சு அப்போது மசிந்தது.

நான் வீட்டுக்கு வந்து சட்டத்தை முதலிலிருந்து வாசித்தேன். முழுவதும் விளங்கவேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு சட்டத்தை வாசிப்பது சுகம். விளங்கியே ஆக வேண்டும் என்று வாசிப்பது அதைவிடச் சுகம். உரிமையாளரைப் பற்றிய அந்தப் பகுதிக்கு உண்மையில் ஒரே ஒரு கவலைதான். இந்தப் படகு எங்காவது போய் இடித்தால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது? அதற்குத்தான் பெயர் கேட்கிறது. அந்த ஆள் தன் பங்கை யாரை நினைத்து வைத்திருக்கிறார் என்று அது கேட்பதில்லை. சொன்னாலும் பதிவேட்டில் எழுத இடம் தராது. அது கவனமின்மை என்று முதலில் நினைத்தேன். மரியாதை என்று பிறகு தோன்றியது.

இன்னும் இரண்டு வரி கீழே, நான் தேடாத ஒன்று இருந்தது. ஒரு பங்கை நறுக்க முடியாது. ஆனால் ஐந்து பேர் வரைக்கும் ஒரு பங்கைக் கூட்டாக வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் பதிவேட்டின் கண்ணில் அவர்கள் ஒரே ஆள். ஒருவர் தன் பாகத்தைத் தனியே விற்க முடியாது, ஏனென்றால் பாகம் என்று ஒன்று இல்லை. எல்லாரும் சேர்ந்து கை வைத்தால்தான் அது அசையும்.

அடுத்த நாள் மாலை மூன்று பேரும் மறுபடி என் குசினி மேசையில். அதே கச்சான் பையிலிருந்து ஒரு பருப்பை எடுத்து நடுவில் வைத்தேன். ராணியின் கையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டேன்.

"இப்ப மூண்டு பேரும் ஒவ்வொரு விரலை இதில வையுங்கோ."

வைத்தார்கள். நானும் வைத்தேன். மூன்று விரலுக்கு அந்தப் பருப்பு காணாது, நகங்கள் இடித்துக்கொண்டன.

"இப்ப இது ஆரின்ர?" என்று கேட்டேன்.

"விரல எடுத்தாத்தான் தெரியும்," என்றார் ராணி.

"அதுதான் விசயம். ஒரு ஆள் எடுக்கப் பார்த்தால் மற்ற ரெண்டு பேரும் விடோணும். உனக்கு இருபத்தொண்டு தம்பி, ராணிக்கு இருபத்தொண்டு, எனக்கு இருபத்தொண்டு. இந்த ஒண்டு மூண்டு பேரின்ர பேரிலும் கூட்டாக. ஒருத்தரும் இதை வைச்சிருக்கேல்லை, மூண்டு பேரும் காவல் நிக்கிறம். ஆருக்காகக் காவல் எண்டு கன்பரா கேக்காது."

அருந்தவன் விரலை எடுக்காமல் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் விளக்கத் தயாராக இருந்தேன். இரண்டு உதாரணம் கைவசம் இருந்தது. தேவைப்படவில்லை.

"எங்கட கோயில் உண்டியலும் இப்பிடித்தான்," என்றான் மெதுவாக. "மூண்டு பூட்டு. ஒரு திறப்பு ஐயரிட்ட, ஒண்டு தலைவரிட்ட, ஒண்டு பொருளாளரிட்ட. மூண்டு பேரும் வராட்டித் திறக்கேலாது. அது அம்மாளின்ர காசு, ஆனால் திறப்பு அம்மாளிட்ட இல்லை." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அக்கா, இது சரி. இது நல்லாச் சரி."

"அப்ப ஒரு சந்தேகம்," என்றார் ராணி. "நாளைக்கு நமக்குள்ள சண்டை வந்தா?"

"முழுப் படகையும் விக்கேலாது, மூண்டு பேரும் ஓம் எண்டு சொல்லும் வரைக்கும்."

"அடக் கடவுளே. எம் புருசங்கூட இவ்வளவு கட்டு இல்லையே."

அன்றே புதிய பிரகடனம் எழுதினோம். இந்தத் தடவை நானே மறுநாள் காலை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் கொடுத்தேன். நல்ல நேரமா என்று அருந்தவன் கேட்டான். ஒன்பது மணிக்கு அஞ்சலகம் திறக்கும், அதுதான் நல்ல நேரம் என்றேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் பதிவகம் எண்ணைக் கொடுத்தது. அதோடு வேலை முடியவில்லை. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்: எண் காகிதத்தில் இருந்தால் போதாது, படகின் உடம்பில் இருக்க வேண்டும். எளிதில் அழிக்க முடியாதபடி, உள்ளே ஒரு முக்கிய விட்டத்தில் பொறிக்க வேண்டும். வெளியே முன்பக்கம் இரண்டு புறமும் பெயர். பின்பக்கம் பெயரும் துறைமுகமும். பொறித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சான்றிதழ். மரப்படகுக்காரர் உளியால் வெட்டுவார்கள். எங்களிடம் வெல்டர் இருந்தான். அருந்தவன் முகமூடியைப் போட்டுக்கொண்டு, குறுக்கு விட்டத்தில் ஒவ்வொரு இலக்கமாக உருகிய இரும்பால் எழுதினான். நாங்கள் வெளியே நின்று ஜன்னலில் நீல வெளிச்சம் வந்து வந்து போவதைப் பார்த்தோம். முடித்து வந்தவன் தண்ணீர் கேட்டு ஒரு போத்தலை அப்படியே குடித்தான்.

"அழிக்கிறதெண்டால் இனிப் படகை உருக்கோணும்," என்றான்.

எங்கள் கோப்புக்காக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் எண்ணுக்குச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தான். பொட்டு ஒரு எட்டை மூன்றாக்கியிருந்தது. "முதலில துடைச்சுப்போட்டு எடு, பிறகு வை," என்று சத்தம் போட்டேன். இரண்டாவது படத்தில் இலக்கங்கள் சுத்தமாக இருந்தன. மூலையில் ஒரு துணியும், துணியில் குங்குமமும்.

சான்றிதழ் மே முதல் கிழமையில் வந்தது. என் அலுவலக விலாசத்துக்கு. வேலை நேரத்தில் உறையைப் பிரித்தேன். சோளகம். சொந்தத் துறைமுகம் சிட்னி. உரிமையாளர்கள், பங்குகள். கடைசி வரியில் மூன்று பெயர்கள் ஒன்றாக, எதிரே ஒரு ஒன்று. பக்கத்து மேசைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையான மனிதர். மதிய உணவு வரைக்கும் கேட்டார்.

பதினைந்தாம் தேதி அவர்கள் புறப்பட்டார்கள். அருந்தவனின் பயண ஆவணம், ராணியின் கடவுச்சீட்டு, படகின் சான்றிதழ், மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில். சமையல் மேடைக்கு மேலே ஒரு சின்ன முத்துமாரி படம், அதற்குப் பக்கத்தில் ராணி ஒட்டிய மாதா படம். இரண்டு பேருக்கும் சேர்த்து, எலுமிச்சங்காய் கோத்த ஒரு தேசிக்காய் மாலை. நான் துறைமேடையிலிருந்து கை காட்டினேன். அதற்கே எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

ஜூலை முடிவில் ஒரு குளிர்ந்த காலையில், துறைமுகத்தில் வெளிநாட்டுப் படகுகள் வந்து கட்டும் துறைமேடைக்கு மேலே இருக்கிற புல்வெளியில் காத்திருந்தேன். அதிகாரிகள் விடுவிக்கும் வரை யாரும் படகுக்குக் கிட்டப் போகக்கூடாது. பாலத்துக்குக் கீழே ஒரு பழுப்பு நிறப் பாய் தெரிந்தது. பிறகு பாய் இறங்கியது. பிறகு பதினைந்து டொலர் மஞ்சள் துணி ஒன்று ஏறியது. கழுத்தை நீட்டாமலே எனக்குத் தெரிந்தது, அதை ஏற்றியது யார் கை என்று.

சீருடையில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் போனார்கள். காற்று என் பக்கமாக வீசியதால் பேச்சு கேட்டது. அந்தப் பெண் சான்றிதழை வாசித்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்துமூன்று விளங்குகிறது. இந்த ஒன்று ஏன் மூன்று பேருக்கும்?"

"மூன்றால் பிரியவில்லை," என்றான் அருந்தவன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இதற்கு முன் இந்த நாட்டுக்குள் கடல் வழியாக வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆம். ஒரு தடவை."

"எந்தப் படகில்?"

"அதற்குப் பெயர் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதை அப்படியே எழுதினார். பிறகு படிவத்தின் முதல் கட்டத்துக்கு வந்து, பின்பக்கத்தில் ஒரு சாண் உயர எழுத்தில் எழுதியிருந்தும், கேட்டார்: "இந்தப் படகு?"

அருந்தவன் பெயரையும் துறைமுகத்தையும் சொன்னான். எண்ணையும் சொன்னான், மனப்பாடமாக. அதை யாரும் கேட்கவில்லை.

ஆண் அதிகாரி உள்ளே போய் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் வாடிய தேசிக்காய் மாலை. வெளிநாட்டிலிருந்து வரும் பழம் எதுவும் உள்ளே வரக்கூடாது. நோய் காக்கும் சட்டம். ராணி இரண்டு கையையும் விரித்து, "நாங்க குடுக்க மாட்டோம்னு சொல்லல, அது கூட்டுச் சொத்து, மூணாவது ஆள் மேல நிக்கிறாங்க, அவங்களையும் கேளுங்க," என்று தமிழில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே பையைக் கட்டினார்.

மஞ்சள் கொடி இறங்கியது. அருந்தவன் துறைமேடையில் காலை வைத்தான். பத்து நாள் கடலின் ஆட்டம் இன்னும் உடம்பில் இருந்ததால் ஒரு கணம் தள்ளாடி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே என்னைக் கண்டான்.

"அக்கா! எல்லாம் சரி! அம்மாளின்ர தேசிக்காயை மட்டும் கொண்டு போட்டினம்!" இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான். "வரேக்க வேற வாங்கிக்கொண்டு வாங்கோ!"

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை இருப்பதாக ஞாபகம். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.